எண் போட்ட ஐந்து ரிவால்வர்கள்

ரங்கூன் தாமுவேயில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டிய சந்தில் ஒரு பட்டறை. கரண்டு போனாலும் நிற்காத, காலால் மிதிக்கிற பாலிஷ் சக்கரம். ராஜா ராணிப் படங்களுக்குப் பதினேழு வாள். வெள்ளைக்காரத் துரைமார் தொப்பியில் வைக்கும் பித்தளைச் சின்னம் நாற்பதுக்கு மேல். ஒரு நீதிபதியின் மேசை மணி. ஜமீன் வீடு எரிகிற காட்சியில் வீடு முழுக்க எரிந்த பிறகும் எரியாமல் நின்ற ஒரே ஜன்னல். அதைக் குறையாகச் சொன்னார்கள். நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலே, ஐந்து ரிவால்வர்கள். அத்தனையும் நான் செய்தவை. படிப்பு நான்காம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் காய்ச்சலில் போயிற்று.

நான் வேலை பார்த்த படக் கம்பெனியின் ஸ்டோரை இப்போது ஒழுங்கு செய்கிறார்கள். ஒரு மரப்பெட்டியில் பழைய ரிவால்வர்கள் இருக்கின்றன. எது ஜப்பான், எது இத்தாலி, எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற என்னிடம் ஆள் அனுப்பி, வித்தியாசத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் போதாது. ஏன் போதாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேலை கற்ற கதையை நீட்ட மாட்டேன். லத்தாவில் ஒரு சீனருடைய பூட்டுக் கடை. முதல் இரண்டு வருஷம் அரத்தைக் கையில் கொடுத்து, பித்தளைக் கட்டியைச் சதுரமாக்கு என்றார். சதுரமாக்கிக் காட்டினால் அதை உருண்டையாக்கு என்றார். உருண்டையானதும் மறுபடி சதுரம். கட்டி தேய்ந்து போனதும் பூட்டைத் தொட விட்டார். எண்பத்தெட்டுக் கலவரத்தில் ஊர் மூடிக் கிடந்தபோது கடையும் மூடிற்று, பிறகு திறக்கவில்லை. வீடியோ படங்கள் பெருகத் தொடங்கிய காலம் அது. ஒரு படக் கம்பெனியின் ஸ்டோர் பூட்டு திறக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். திறந்துவிட்டு உள்ளே போனவன் பதினெட்டு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

அந்த ஸ்டோருக்கு அதிகாரி மரியதாஸ் மாஸ்டர். மிஷன் பள்ளியில் படித்தவர், அவருடைய அப்பாவும் குமாஸ்தா. பர்மாக்காரர்கள் அவரை வேறொரு பர்மியப் பெயரில் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மாஸ்டர்தான். கைலிக்கு மேல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். சட்டைப்பையில் இரண்டு கைக்குட்டை வைத்திருப்பார். ஒன்று அவருடைய முகத்துக்கு, இன்னொன்று துப்பாக்கிக்கு. ஸ்டோருக்குள் வருகிற எந்தத் துப்பாக்கியையும் வெறும் கையால் தொட மாட்டார். மேசையில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் படுக்க வைத்துப் பார்ப்பார்.

"காதரு, பொருளுக்கு வாய் கெடையாது. ரெஜிஸ்தருக்குத்தான் வாய் உண்டு. அதுல எழுதலைன்னா இது இல்ல" என்பார்.

அவர் பார்க்கிற முறை ஒன்று உண்டு. முதலில் பென்சிலைக் குழலுக்குள் விடுவார். உள்ளே போகாமல் முட்டினால் குழல் அடைத்திருக்கிறது, பொம்மை. பிறகு காதோரம் வைத்து, குழலுக்குப் பின்னால் நிற்கிற சுத்தியை மெதுவாக இழுப்பார். மூன்றாவதாக, குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது கடகடத்தால் எனக்கே திரும்பி வரும். மூன்றிலும் தேறினால் ரெஜிஸ்தரில் ஒரு டிக். நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. டிக் மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தால், அன்றைக்கு நான் வீட்டுக்குக் கறி வாங்கிப் போவேன்.

இனி நீங்கள் கேட்ட வித்தியாசம்.

பழைய மேல்நாட்டுக் குதிரைவீரப் படங்களில் வருகிற ரிவால்வருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விசையை மட்டும் அழுத்தினால் வேலை செய்யாது. ஒவ்வொரு தடவையும் பின்னால் நிற்கிற சுத்தியைக் கட்டை விரலால் இழுத்து நிறுத்த வேண்டும், அப்புறம்தான் விசை. இழுக்கும்போது நான்கு சத்தம் கேட்க வேண்டும். நான்கும் ஒரே சத்தம் அல்ல. முதல் இரண்டும் தயங்கித் தயங்கி வரும், மூன்றாவது மெலிசு, நான்காவது கதவு சாத்துகிற மாதிரி. பூட்டு வேலை தெரிந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ரிவால்வரைப் பார்த்து இன்றைக்கு உலகத்தில் பல பேர் பிரதி செய்கிறார்கள். ஜப்பான்காரன் செய்தது துத்தநாகக் கலவை. அவன் ஊர்ச் சட்டப்படி தங்க நிறம் பூசித்தான் விற்பான். படத்துக்காக நாம் கறுப்பு அடித்தால், சித்திரை வெயிலில் நடிகரின் உள்ளங்கை கறுப்பாகும், ரிவால்வர் தங்கமாகும். ஆனால் உள்வேலை சுத்தம், நான்கு சத்தமும் உண்டு. இத்தாலிக்காரன் செய்தது இரும்பு. நம்மிடம் இருந்தது சத்தத் தோட்டா போடுகிற வகை. குண்டு போகாது, புகையும் வெடிச் சத்தமும் வரும். எடை சரி, சத்தம் சரி, உடலில் நீலமும் பழுப்புமாக ஓடுகிற நிறம் மட்டும் சாயத்தில் முக்கி எடுத்தது, நெருப்பில் வந்தது அல்ல. பிற்காலத்தில் பாங்காக் வழியாக வந்தவற்றில் பாதுகாப்புக்கென்று உள்ளே ஒரு கம்பியைச் சேர்த்துவிட்டார்கள். பத்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டே சத்தம். குதிரையிலிருந்து விழுகிற காட்சிக்கு ரப்பர். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, விழும், அவ்வளவுதான்.

ஐந்தாவது வகை நான் செய்தது. கதவுக் கீல் பித்தளையை உருக்கி வார்த்தேன். குழல் துளையில்லாத கட்டி, தோட்டா போடுகிற உருளையின் ஓட்டைகள் நகக்கண் ஆழம் மட்டும். உள்ளே பழைய சுவர்க்கடிகார வில். நான்கு சத்தமும் வந்தது. இத்தாலிக்காரனுடையதையும் என்னுடையதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்னுடையதுதான் இத்தாலி.

அவற்றைச் செய்ய வேண்டி வந்தது ஒரு கொள்ளைக்காரப் படத்துக்காக. ஆறு கொள்ளைக்காரர்கள் பங்கு பிரித்த பிறகு ஆறு ரிவால்வரையும் ஒரே மேசையில் வைக்கிறார்கள்; கேமரா அந்த மேசைமேல் மெதுவாக ஊர்ந்து போகும். அப்போது கம்பெனி முதலாளியிடம் இத்தாலி ரிவால்வர் ஒன்றுதான் இருந்தது. அதை எல்லைப் பக்கத்திலிருந்து சால்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். காகிதம் எதுவும் கிடையாது. மிச்சம் ஐந்தையும் நான் செய்தேன்.

செய்தபோது இரண்டு காரியம் பண்ணினேன். இரண்டும் கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். அசல் ரிவால்வருக்கு அடிப்பக்கம் கம்பெனி எண் குத்தியிருக்கும், மூன்று இடத்தில். நான் லத்தாவில் எண் குத்துகிற உளி ஒரு செட்டு வாங்கி, ஐந்துக்கும் ஐந்து எண் குத்தினேன். வரிசையாக அல்ல, வெவ்வேறு காலத்தில் வாங்கிய மாதிரி முன்பின்னாக. அடுத்தது, ஆறும் ஒரே பளபளப்பில் இருக்க வேண்டுமே என்று இத்தாலி ரிவால்வரையும் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து, மற்ற ஐந்தைப் போலக் கறுப்பேற்றினேன். அதன் எண் ஏற்கெனவே மங்கல். சக்கரத்தில் சுத்தமாகப் போயிற்று.

மாஸ்டர் கைக்குட்டையில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அடியில யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன் மாஸ்டர்."

"ஒனக்காகப் படம் எடுக்கல" என்றார். ஆனாலும் டிக் பெரிதாகத்தான் விழுந்தது.

படப்பிடிப்புக்கு முன்னால் துப்பாக்கிகளை மிங்கலாடோன் பக்கம் ஒரு ராணுவ அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்குவது வழக்கம். 'பொம்மை ரிவால்வர், ஆறு' என்று பட்டியல் எழுதி மாஸ்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். இருவரும் போனோம். அங்கிருந்த மேஜரை எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி போமூ என்று கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர், மரியாதையானவர், எங்களுக்கு டீ வரவழைத்தார். அவர் பேசியது பர்மிய பாஷை. நான் தமிழில் எழுதுகிறேன்.

பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தார். ஐந்தை ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஆறாவதைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் தள்ளினார். "இது பொம்மை. எடுத்துக்கிட்டுப் போகலாம்."

அவர் தள்ளியது இத்தாலி ரிவால்வர். ஆறில் வெடிமருந்து தின்னக்கூடியது அது ஒன்றுதான்.

"மத்த அஞ்சும் போமூ?" என்றார் மாஸ்டர்.

"நம்பர் இருக்கே. நம்பர் இருக்கறது ஆயுதம், நம்பர் இல்லாதது பொம்மை. எனக்கு வந்த பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

எனக்கு வாய் நிற்குமா? துப்பாக்கிக்கும் பொம்மைக்கும் வித்தியாசம் சொல்ல ரங்கூனிலேயே என்னைவிட்டால் ஆள் இல்லை. "போமூ, நீங்க மாத்திப்..." என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் மாஸ்டரின் செருப்பு என் கால்மேல் ஏறி நின்றது. அப்போதுதான் உறைத்தது. இத்தாலி ரிவால்வர் எதுவென்று நான் நிரூபித்தால், காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்த ஒன்றைப் பொம்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாஸ்டர்தான் மாட்டுவார். உண்மையைச் சொன்னால் ஐந்து ஆறாகும்.

ஆகவே வழியை மாற்றினேன். பென்சிலை வாங்கி என் ரிவால்வரின் குழலில் விட்டுக் காட்டினேன். "பாருங்க போமூ, அடைச்சிருக்கு."

"இன்னிக்கு அடைச்சிருக்கு. நாளைக்குத் தொளைக்கலாம்."

"தொளைச்சு வெடிச்சா சுடறவன் கைதான் போகும். இது கதவுக் கீலு."

"அப்ப மோசமான துப்பாக்கி. துப்பாக்கியே இல்லைன்னு ஆகாது."

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். செய்தவன் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுக்கலாம். மறுநாள் மத்தியானத்துக்குள் அது வந்தால் சரி. வராவிட்டால் கோப்பு மேலே போகும், ஆயுத வழக்காகும். அதுவரை பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் அங்கேயே இருக்கட்டும். மாஸ்டரைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கையைக் கட்டவில்லை. காதிலிருந்த பென்சிலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாஸ்டருக்கு அதுவே விலங்கு.

குமாஸ்தா வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து படித்தார். 'படிப்பறிவில்லாத ஒருவரால், கதவுக் கீல்களிலிருந்து செய்யப்பட்ட, மட்டமான பொம்மைகள்.' படிப்பறிவில்லாத என்பதை ஒப்புக்கொண்டேன். கீல் உண்மை. பொம்மை உண்மை. மட்டமான என்பதில்தான் நின்றுவிட்டேன்.

"மட்டமானங்கறதுக்குப் பதிலா சாதாரணமானன்னு போடலாமே?"

போமூ கண்ணாடியைக் கழற்றினார். "சாதாரணமான துப்பாக்கியா?"

"அழகானன்னு?"

"அழகான பொம்மைக்கு நம்பர் எதுக்கு, காதர்?"

அன்று மாலைவரை அந்த ஒரு சொல்லுக்காக நின்றேன். கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். மாஸ்டர் பெஞ்சில், நான் வீட்டில்.

நான் வந்து சேர்ந்ததும் மாஸ்டரின் வீட்டுக்காரி ரோஸலின் அக்கா வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"காதர் பாய், அவருக்கு இடுப்பு சரியில்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பெஞ்சில ஒக்கார வெச்சிருக்காங்களாமே. நீங்க ஒரு வார்த்தைக்காக நிக்கறீங்களாமே."

"அக்கா, அது வெறும் வார்த்தையா? நாளைக்கு யாராவது அந்தப் பேப்பரைப் படிச்சா..."

"யாரு படிக்கறா? பேப்பரைப் படிக்கறவரு ஒரே ஒருத்தர், அவரைத்தான் அங்க ஒக்கார வெச்சிருக்கு." கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "ஆயுதக் கேஸுன்னா எத்தனை வருஷம்னு யாருக்குத் தெரியும்? ஒங்க நம்பரை நீங்களே வெச்சுக்குங்க பாய். என் வீட்டுக்காரரை எனக்குக் குடுங்க."

என் மனைவி ஜைனம்பு அடுப்படியிலிருந்து வெளியே வராமலே சொன்னாள்: "ஒங்க துப்பாக்கியால இதுவரைக்கும் ஒரு ஈ செத்ததில்ல. மொத ஆளு மாஸ்டருதான் போலிருக்கு."

காலையில் கையெழுத்துப் போடுவதென்று தீர்மானித்துத்தான் மிங்கலாடோனுக்குப் போனேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் அதே பெஞ்சில் இருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. எப்படி என்று இன்றுவரை தெரியாது.

"போடறேன் போமூ. மட்டமானன்னே இருக்கட்டும்."

ஆனால் போமூ இரவில் யோசித்திருந்தார். "எழுதினா போதுமா? மட்டம்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒடைச்சுக் காட்டு."

ஆணி அடிக்கிற சுத்தியல் ஒன்று கொண்டுவந்தார்கள். வாசற்படிக் கல்லில் என் ரிவால்வர் ஒன்றை வைத்து அடித்தேன். கைப்பிடி மரம் தெறித்துப் போயிற்று. இரண்டாவது அடியில் கல்லில் ஒரு சில்லு பெயர்ந்தது. மூன்றாவது அடிக்குச் சுத்தியலின் காம்பு ஆடத் தொடங்கியது. ரிவால்வர் அப்படியே கிடந்தது. போமூ அதை எடுத்துச் சுத்தியைப் பின்னால் இழுத்தார். நான்கு சத்தமும் வரிசையாகக் கேட்டன. தாழ்வாரத்தில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் இடுப்புல இருக்கறதுகூட இவ்வளவு அடி தாங்காது" என்றார் போமூ. "இதையா மட்டம்ங்கறே?"

என் வாழ்க்கையில் அரசாங்கத்து வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது. அதை வாபஸ் வாங்க வைப்பது எப்படி என்று நின்றுகொண்டிருந்தேன்.

வழி ஒன்று இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். மூன்றாவதாக வார்த்த ரிவால்வருக்குப் பித்தளை ஊற்றும்போது பாதியில் கரி தீர்ந்து சூடு இறங்கிவிட்டது. அச்சைப் பிரித்துப் பார்த்தால், சுத்தி வந்து உட்காருகிற இடத்துக்குக் கீழே கொண்டைக்கடலை அளவு ஓட்டை. மறுபடி வார்க்க நாள் இல்லை. ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்து, அரம் போட்டு, கறுப்பேற்றிவிட்டேன். பென்சில் போகவில்லை, நான்கு சத்தம் வந்தது, ஆட்டினால் கடகடக்கவில்லை. மாஸ்டர் டிக் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரை அங்கிருந்து எழுப்ப வேண்டுமென்றால், அந்த ஓட்டையை அவர் கண் முன்னால் திறக்க வேண்டும்.

ஐந்தில் அதைத் தேடி எடுத்தேன். ஓட்டை இருக்கிற பக்கத்தை மேலே வைத்தேன். ஒரே அடி. வாழைத்தண்டு மாதிரி இரண்டாகப் போயிற்று. உள்ளேயிருந்து ஈயம் ஓர் உருண்டையாகக் கழன்று படியிலிருந்து உருண்டது. போமூ அதைக் குனிந்து எடுத்து, விரலில் உருட்டிப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார்.

"இதை நேத்தே காட்டியிருக்கலாமே!"

மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். அவர் கைக்குட்டையை விரித்து உடைந்த இரண்டு துண்டையும் அதில் வைத்தார்.

"இதுக்கு நான் டிக் போட்டேனா?"

"போட்டீங்க மாஸ்டர்."

"பெருசாவா, சின்னதாவா?"

"பெருசா."

ஒரு ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபோது வாடாத முகம் அப்போது வாடியது.

பொம்மை என்பது கண்ணுக்கே தெரிந்துவிட்டதால் வாக்குமூலம் தேவையில்லை என்று போமூ அதைக் கிழித்துப் போட்டார். ஒருநாள் முழுக்க நான் சண்டை போட்ட சொல் குப்பைக் கூடைக்குப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் குமாஸ்தா பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தார்: 'மட்டமான பொம்மை, நான்கு. உடைந்தது, ஒன்று.' எழுதிவிட்டுக் கேட்டார்: "செய்தவர் பெயர்?"

நான் வாயெடுத்தேன். மாஸ்டர் முந்திக்கொண்டார். "பேரு வேணாம் போமூ. பேரு எழுதினா, அனுமதி இல்லாம நம்பர் குத்தினவன் யாருன்னு நாளைக்கு இன்னொரு ஆபீஸ்ல கேப்பாங்க. பொறுப்பு ஸ்டோருன்னு போட்டுக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

போமூ தலையை ஆட்டினார். என் பெயர் வர வேண்டிய இடத்தில் குமாஸ்தா ஒரு கோடு போட்டார். நான் ஏமாற்றினது தெரிந்த ஐந்தாவது நிமிஷத்தில் மாஸ்டர் எனக்காகச் செய்தது அது. பென்சிலைத் திருப்பி வாங்கிக் காதில் சொருகிக்கொண்டார். தாமுவே திருப்பம்வரை காரில் வந்தோம். இறங்கும்போது சொன்னார்: "இனிமே ஈயம் ஊத்தினா, சொல்லிட்டு ஊத்து."

படம் வந்தது. மேசைமேல் இத்தாலியோடு சேர்த்து ஐந்து ரிவால்வர்தான். ஆறாவது கொள்ளைக்காரனை அந்தக் காட்சிக்கு முன்பே கொன்றுவிட்டார்கள். எது இத்தாலி என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பெயர்ப் பட்டியலில் குதிரைக்குப் புல் கொடுத்தவர் பெயர் வந்தது, டீக்கடைக்காரர் பெயர் வந்தது. துப்பாக்கி என்ற இடத்தில் 'கம்பெனி ஸ்டோர்' என்று வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் இருந்தவரை சொல்வதாகவும் இல்லை. பெயர் வந்தால் அவர் கையெழுத்துக்கு ஆபத்து.

மாஸ்டர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய ரெஜிஸ்தரை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அந்தப் படத்தையும் டிஸ்க்கில் போட்டு, பெயர்ப் பட்டியலைப் புதிதாக அடிக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது, நான் எழுதித் தரும் முன்பே உத்தேசமாக அடித்திருந்தார்கள். எண் உள்ள நான்கும் 'இத்தாலி, உயர்ந்த ரகம்.' செய்தவர் என்ற இடத்தில் ஒரு கோடு. எண் இல்லாத அந்த ஒன்று 'உள்ளூர்ப் பொம்மை.' போமூவாவது பேப்பரைப் பார்த்துத்தான் ஏமாந்தார், இவர்களுக்கு அந்தப் பேப்பர்கூட இல்லை.

ஆகவே ஸ்டோர்காரர்களே, இப்படி மாற்றி அடியுங்கள். அந்த ஐந்தில் எண் இல்லாதது இத்தாலி. பெட்டியில் பூட்டித் தனியாக வையுங்கள், அதில் இன்னும் மருந்து போடலாம். எண் உள்ள நான்கும் தாமுவேயில் செய்தவை. 'உயர்ந்த ரகம்' என்று நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள், அதை அழிக்க வேண்டாம். உடைந்த ஐந்தாவதன் துண்டுகள் மாஸ்டரின் கைக்குட்டையிலேயே முடிந்து, பெட்டியின் அடியில் கிடக்கின்றன. அதையும் பட்டியலில் சேருங்கள், உள்ளே ஈயம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். மட்டமான என்ற சொல் அதற்கு மட்டும் போதும். ஐந்துக்கும் செய்தவர் ஒருவர்தான். எண் குத்தினவன் யாரென்று எந்த ஆபீஸிலிருந்து இனிமேல் கேட்டாலும் என் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கோட்டை எடுத்துவிட்டு அங்கே பெயரைப் போடுங்கள், படத்தின் பட்டியலிலும் போடுங்கள். இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது. காதர். மூன்று எழுத்துத்தான்.